வெகுளி எப்படி வெள்ளந்தி ஆனது?

"அவன் ஒரு வெகுளிப்பா, எதையும் மனசுல வச்சுக்கத் தெரியாது." இன்று இப்படித்தான் பேசுகிறோம். இதே அர்த்தத்தோடு திருக்குறளைத் திறந்தால் தடுமாற வேண்டியதுதான். 'அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல்' நான்கையும் விலக்கி நடப்பதே அறம் என்கிறது 35ஆம் குறள். பொறாமை, பேராசை, கடுஞ்சொல், நடுவில் அப்பாவித்தனத்துக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. அங்கே வெகுளி என்றால் சினம். சினத்தைத் தவிர்ப்பது பற்றிய 31ஆம் அதிகாரத்துக்குப் பெயரே வெகுளாமை.

தொல்காப்பியத்தில் வெகுளிக்கு இந்தக் கெட்ட பெயர் இல்லை. நகை, அழுகை, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அதையும் ஒன்றாகச் சேர்க்கிறது. உள்ளே எழுந்தது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. வெகுளி எதனால் வரும் என்பதற்கும் விடை உண்டு: 'உறுப்பறை குடிகோள் அலைகொலை என்ற வெறுப்பின் வந்த வெகுளி நான்கே.' உறுப்பை அறுப்பது, குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்வது, அடித்து வருத்துவது, கொல்வது. அவ்வளவுதான். வண்டி இடித்ததற்கும் பதில் வராத வாட்ஸ்அப்புக்கும் பட்டியலில் இடமில்லை! கொடுமையைக் கண்டு கொதிப்பதை நகைக்கும் உவகைக்கும் பக்கத்திலேயே உட்கார வைத்த அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதே நூலின் உரியியலில் இன்னொரு வரி: 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள.' நிறத்தைச் சொல்லும் இரண்டு சொற்களுமே சினத்தையும் சொல்லும். முகம் கறுத்துவிட்டது, கண் சிவந்துவிட்டது என்று இப்போதும் பேசுகிறோமே. கறுவுதல் என்றும் ஒரு சொல் இருக்கிறது. கோபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு சமயம் பார்த்திருப்பது அது. எனக்குத் தெரிந்து கோபத்தில் மோசமான வகை அதுதான்.

சரி, சினம் எப்படி அப்பாவித்தனம் ஆயிற்று? இது என் ஊகம்தான். வெகுள்பவன் கறுவுபவனுக்கு நேர் எதிர். கோபம் வந்தால் அப்போதே முகத்தில் காட்டிவிடுவான், கொட்டியதும் ஆறிவிடுவான். சூது தெரியாது. அந்த ஆளின் குணமே மெல்ல மெல்லச் சொல்லின் பொருளாக நின்றிருக்கலாம். 'குணமென்னும் குன்றேறி நின்றார் வெகுளி கணமேயும் காத்தல் அரிது' என்ற 29ஆம் குறளுக்கு, பெரியவர்களின் கோபம் ஒரு கணமே இருந்தாலும் எதிரில் இருப்பவர் தாங்க முடியாது என்பது பரிமேலழகர் உரை. அவர்களிடம் அது ஒரு கணம்கூடத் தங்காது என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. எந்த உரையை எடுத்தாலும் அந்த வெகுளிக்கு ஆயுள் ஒரு கணத்துக்கு மேல் இல்லை. வெள்ளை, வெள்ளந்தி என்ற ஒலிகளின் பக்கம் சொல் சாய்ந்துவிட்டது என்றும் ஒருவர் வாதாடலாம். எனக்கென்னவோ அது மட்டும் போதாது என்றுதான் தோன்றுகிறது.