மத்தியான மேஜிக்கும் பின்சீட்டு மேதாவியும்

லாஸ் வேகாஸில் ராத்திரி ஷோ என்றால் டிக்கெட் சுலபமாக 100 டாலரைத் தாண்டிவிடும். அதனால் மத்தியானம் நடக்கிற காமெடி மேஜிக் ஷோதான் நமக்குக் கட்டுப்படியாகும், வெளியே கொளுத்துகிற 40 டிகிரி வெயிலுக்கு ஏசி ஹாலில் உட்கார்ந்தாலே பாதிக் காசு வசூல் என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தோடு போனேன். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தின் 9 சதவீதக் கேளிக்கை வரியைக்கூட முணுமுணுக்காமல் கட்டினேன்.

மேஜிக்காரர் மேல் ஒரு குறையும் இல்லை. கயிறு, சீட்டுக்கட்டு, ஒரு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் சாமான். ஆனால் எனக்குப் பின்சீட்டில் ஒரு மேதாவி. கயிறு வெட்டினால் "அது ரெண்டு கயிறு", சீட்டு எடுத்தால் "எல்லாமே ஒரே சீட்டு", அதுவும் மூன்று வரிசைக்குக் கேட்கிற குரலில். யார் ஐயா கேட்டார்கள் உங்களை? முன்வரிசைப் பாட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டாலர் நோட்டு மாயமாகி, எலுமிச்சம்பழத்தில் கத்தி இறங்கியது. சரியாக அந்த நேரம் அவர் மறுபடி ஆரம்பிக்க, பொறுக்கமுடியாமல் திரும்பி முறைத்தேன். ஹாலே கைதட்டுகிறது. நான் பார்த்தது அவருடைய பாப்கார்ன் வாயை.

வெளியே வந்ததும் பையன், "நோட்டு எப்படிப்பா பழத்துக்குள்ள போச்சு?" என்கிறான். அந்த ஆளைத்தான் கேட்கணும்!