ரசனை மாறினால் கிட்டாரையும் மாற்ற வேண்டுமா?

"டெலிகாஸ்டர் கன்ட்ரி இசைக்கு மட்டும்தான், ராக் பக்கம் போனால் அதை விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. டெலிகாஸ்டர் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் மாடல். அந்தச் செய்தி தவறு.

லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தையே (1969) எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் அதில் பெரும்பாலும் வாசித்தது டெலிகாஸ்டர்தான். இதைவிட வேடிக்கை ஜாஸ்மாஸ்டர் கதை. 1958-இல் ஃபெண்டர் நிறுவனம் ஜாஸ் கலைஞர்களை மனதில் வைத்து இறக்கிய கிட்டார் அது, பெயரிலேயே ஜாஸ். அவர்களோ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சர்ஃப் ராக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, அந்தச் செய்தியில் துளிகூட உண்மை இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. கம்பிகளின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம்தான் பிக்கப். டெலிகாஸ்டரில் வழக்கமாக இருப்பது ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றினால் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். ஹம்பக்கர் என்ற இன்னொரு வகை பிக்கப்பில் எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்கள் அந்த இரைச்சலை அடக்கிவிடும். ஹெவி மெட்டல் இசை வாசிப்பவர்கள் ஹம்பக்கரைத் தேடுவது அதனால்தான். அதற்காகக் கிட்டாரையே விற்க வேண்டாம். சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது. சில திருகுகள், கொஞ்சம் சால்டரிங், அவ்வளவுதான் வேலை.

அப்புறம், மிருதுவான ஜாஸ் ஒலி வேண்டுமென்றால் செலவே இல்லை. சுவிட்சைக் கழுத்துப் பக்க பிக்கப்புக்குத் தள்ளி, டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து வாசித்துப் பாருங்கள்.