பின்னந்தலையை வைத்து ஆளைச் சொல்கிறார்கள்

ஒரு புதுப் படத்தின் டிரெய்லரில் அரை நொடி ஒரு நரைத்த பின்னந்தலை தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், ரசிகர்கள் ஒரு மூத்த குணச்சித்திர நடிகரின் பெயரைச் சொல்லி, "அவரேதான், கெஸ்ட் ரோல்!" என்று சிவப்பு வட்டம் போட்டுக் கிளம்பிவிட்டார்கள். நரைத்த தலை ஊரில் ஒருவருக்குத்தானா இருக்கிறது?

2022இல் 'விக்ரம்' படத்தின் கடைசியில் சூர்யா ரோலக்ஸ் என்ற வில்லனாகத் திடீரென்று வந்தாலும் வந்தார், எல்லாப் படத்திலும் யாராவது ஒளிந்திருந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. அடுத்த வருடம் 'ஜெயிலர்' மோகன்லாலையும் சிவராஜ்குமாரையும் இறக்கி அந்த நோயை முற்றவைத்தது. சரி, அவர்கள் நட்சத்திரங்கள். காலமெல்லாம் அப்பாவாக, வக்கீலாக, ஊர்ப் பெரியவராக நடித்துப் படத்தைத் தாங்கிய மனிதரையும் இந்தக் கண்ணாமூச்சிக்குள் இழுக்க வேண்டுமா? எந்தப் பேட்டிக்குப் போனாலும் முதல் கேள்வி, "சார், இருக்கீங்களா இல்லையா?" பாவம், அவர் என்னதான் சொல்வார்? சிரித்தால் 'உறுதி'. முறைத்தால் 'கண்டிப்பாக உறுதி'.

தியேட்டரில் இன்னும் கொடுமை. பக்கத்து இருக்கைக்காரர் கதையையே கவனிக்கவில்லை. திரையில் ஏதாவது கதவு திறந்தால் போதும், "இப்போ வருவார் பாரு" என்கிறார். வரவில்லையென்றால் படம் மொக்கையாம். அதே நடிகர் முழுநீள வேடத்தில் நடித்த படங்கள் காலி இருக்கைகளோடு ஓடியபோது இந்தக் கூட்டம் எங்கே போயிருந்தது?