ஒரு கட்டிங்தான், அளவுதான் என்பவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். "ஒரு கட்டிங்தாங்க, அளவுதான்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "குடிப்பீங்களாண்ணே?" என்றால் அண்ணன் "எப்பவாவது" என்பார். பின்னால் நிற்கும் அக்கா எதுவும் பேசாமல் என் முகத்தையே பார்ப்பார்.

சரி, அந்தக் கட்டிங்கைக் கணக்குப் போடுவோம். குவார்ட்டர் மதுபாட்டில் 180 மி.லி. லேபிளில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதில் பாதிதான் கட்டிங்; அதைக் குடித்தாலே சுமார் 30 கிராம் ஆல்கஹால். பிரிட்டனில் 2016 முதல் ஆண், பெண் யாராக இருந்தாலும் வாரத்துக்கு 112 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். தினமும் ஒரு கட்டிங் போட்டால் வாரத்துக்கு 210 கிராம்! இதையா அளவு என்கிறோம்? மாங்காய் சீசன் வெயிலுக்கு பீர் குளிர்ச்சி என்பவர்களும் பார்க்கட்டும்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம். கட்டிங்கை விட அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டது.

கல்லீரல் லேசில் வலிக்காது. கொழுப்பு படியும்போது ஆள் நன்றாகத்தான் இருப்பார். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் நார்மலாக வந்தாலும் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் (ஃபேட்டி லிவர்) இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "அப்ப குடிக்கலாம்ல?" என்று கேட்காதீர்கள். சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்களுக்குக் குறைவாகக் குடித்தாலே கேடு அதிகம். ஆனால் கொழுப்பு நிலையிலேயே நிறுத்தினால் சில வாரங்களில் குறையத் தொடங்கும். கல்லீரல் தழும்பாகிச் சுருங்கிவிட்டால் பழையபடி ஆக்குவது கஷ்டம்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். கண் மஞ்சளித்ததும் சூடு என்று சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் இருந்து, வயிறு வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். குடிப்பவருக்குக் கண் மஞ்சளித்தாலோ, வயிறு வீங்கினாலோ, மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலோ ஒரு நாளும் தள்ளாதீர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

அப்புறம், தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம் வரும், வலிப்பும் வரலாம். அவரை டாக்டரிடம் கூட்டிப்போய், மருந்தோடு நிறுத்த வையுங்கள்.