"இலவச வீடு" என்று கதைக்கும் உறவுகளுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், வீடியோ குறூப் குறூப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் தெருவில் நிற்கும் அகதிகளைத் தங்கவைக்க ஒரு தொண்டு நிறுவனம் எடுக்கப்போகும் நாலு அறை வீடு வேண்டாம் என்று அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் சொன்னது என்னை அவ்வளவு நோகடிக்கவில்லை. "ஹோட்டல், சாப்பாடு, காசு எல்லாம் அரசாங்கம் குடுக்குது, பிறகேன் இவைக்கு இன்னொரு வீடு?" என்று எழும்பிக் கேட்டவர் எங்கட ஆள். அவரே தொண்ணூறுகளில் அசைலம் அடித்து வந்தவர்.

அண்ணை, அரசாங்கம் குடுக்கிற இடத்தில் இந்த வீடு இல்லை. அரசாங்கம் நிறுத்துகிற இடத்தில்தான் இது தொடங்குகிறது.

அகதிக் கேஸ் நடக்கும்போது, கையில் ஒன்றுமில்லாதவருக்கு 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் தங்க இடமும் கிழமைக்கு 49.18 பவுண்டும் கிடைக்கும். சாப்பாடு போடும் ஹோட்டல் என்றால் காசு ஏறக்குறைய 10 பவுண்டுதான். பஸ், போன், சவர்க்காரம் எல்லாம் அதற்குள். நீங்கள் சொல்லும் ஹோட்டல் இதுதான்.

கேஸ் ரிஜெக்ட் ஆகி அப்பீலும் முடிந்தால், பிள்ளைகள் இல்லாதவருக்கு 21 நாளில் அதுவும் நிற்கும். புதிய ஆதாரத்தோடு பிரெஷ் கேஸ் போட்டால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் உதவி கேட்கலாம். ஆனால் ஊரிலிருந்து கடிதம் எடுப்பிக்க, சித்திரவதைத் தழும்புக்கு வைத்திய அறிக்கை எடுக்க, ஒரு லோயரைப் பிடிக்க மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் அந்த மனிதர் எங்கே படுப்பார்?

விசா கிடைத்தவர் தப்பினார் என்று நினைக்கிறீர்களா? அவருக்கும் 28 நாளில் அந்த இடமும் காசும் நிற்கும். 2024 டிசம்பரில் 56 நாளாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2025 செப்ரெம்பரில் தனி ஆட்களில் பெரும்பாலானோருக்குத் திரும்ப 28 ஆக்கிவிட்டார்கள். யூனிவர்சல் கிறெடிற் என்ற அரசாங்க உதவிப்பணத்துக்கு அடுத்த நாளே விண்ணப்பித்தாலும் முதல் காசு வர 5 கிழமை. 28ஆம் நாள் வெளியே, 35ஆம் நாள் காசு. இடையில் முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். நோயில்லாத தனி ஆள் என்றால் இங்கிலாந்தில் கவுன்சில் வீடு கொடுக்கும் முன்னுரிமைக்குள்ளும் பெரும்பாலும் வரமாட்டார். ஆக, தோற்றவரும் தெருவில், வென்றவரும் தெருவில். இந்த வீடு அந்த இரண்டு பேருக்கும்தான்.

"மாதம் அம்பது பவுண்டாவது வாடகை வாங்கலாமே?" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். கேஸ் தோற்றவரிடம் வாங்கேலாது. வாடகை என்று காசு வாங்கினால் குடியிருப்பவரின் விசாவைச் சோதிக்கவேண்டும். விசா இல்லாதவருக்கு வாடகைக்குக் கொடுத்தால் வீடு கொடுத்தவருக்கு முதல் தடவையே ஆளுக்கு 10,000 பவுண்டு வரை தண்டம். அதனால்தான் கேஸ் தோற்றவரை வாடகையில்லாமல் வைக்கிறார்கள். பக்கத்து அறையில் விசா கிடைத்தவரை வைத்து, அவருடைய வாடகை உதவியில் மற்ற அறையின் காஸ், கரண்டு, தண்ணிக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். உங்கள் வரிக்காசில் சொகுசாக இருக்கிறார்கள் என்று சொல்ல முதல் இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கள்.

"கடையில் நிண்டு உழைச்சுச் சாப்பிடட்டும்" என்றால், அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த கடைக்காரருக்கு 45,000 பவுண்டு வரை தண்டம், அதுவும் முதல் பிடிபாட்டுக்கே. இப்படிச் சொல்கிறவர்களில் யார் தன் கடையில் வைக்கப்போகிறார்? வைப்பவர்களும் இருக்கிறார்கள்: கடைக்குப் பின்னறையில் படுக்கவிட்டு, பன்னிரண்டு மணித்தியாலம் வேலை வாங்கி, சாப்பாடு மட்டும் கொடுக்கிறவர்கள். பேச வைக்காதீர்கள். அந்தப் பின்னறையில் படுத்த தம்பி ஒருவருக்கு ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) அனுப்பிய ரிஜெக்ட் கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. அப்பீலுக்கு 14 நாள்தான். கடிதம் கைக்கு வரும்போது அது கடந்துவிட்டது. நேரம் தவறிய அப்பீலை ஏற்கச் சொல்லி விளக்கம் எழுதி மன்றாட வேண்டியிருந்தது. ஒரு நிலையான விலாசம் என்ன பெறுமதி என்று வீட்டுக்கடன் கட்டுகிற எங்களுக்கு மறந்துபோய்விட்டது.

"பொய்க் கேஸுக்கும் குடுப்பீங்களோ?" குடுப்பார்கள். எது பொய் என்று தீர்ப்புச் சொல்வது வீட்டுக்காரரின் வேலையில்லை. முதல் தடவை ரிஜெக்ட் ஆன எங்கட ஆட்கள் எத்தனை பேர் பிறகு விசா எடுத்தோம்? எத்தனை பேர் யாரோ ஒருவருடைய வீட்டு சோபாவில் படுத்தபடி அந்த அப்பீலை நடத்தினோம்? அன்றைக்கு எங்களுக்குச் சோபா தந்தவர் எங்கள் பேப்பரைப் பார்த்தா தந்தார்?



இப்படியான வீடு பாதுகாப்பாக இருக்குமா என்று பயம் என்கிறீர்கள். ஒரே வீட்டில் வேறு வேறு ஆட்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும், நாலு பேருக்கும் பல கவுன்சில்கள் கேட்கின்றன. வருடாவருடம் காஸ் சேர்ட்டிபிகேற், ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் கரண்டுச் சோதனை. எங்கட ஆட்கள் வாடகைக்கு விட்டிருக்கும் எத்தனை வீட்டில் இவ்வளவும் ஒழுங்காக இருக்கு?

உதவ நினைப்பவர்கள் பழைய சோபா கொண்டுவர வேண்டாம், தீப்பாதுகாப்பு லேபல் இல்லாததை வாங்கமாட்டார்கள். 20 கிலோ அரிசி மூட்டையும் வேண்டாம், அலுமாரியில் ஆளுக்கு ஒரு அடுக்குத்தான். புதுத் தனிக்கட்டில் விரிப்பு, மூடியுள்ள சிறிய சட்டி, போன் டேட்டா, பஸ் காசு. விசா கிடைத்தவருக்கு வாடகை டெபொசிற்றைக் கடனாகக் கொடுக்கக்கூடியவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள், அதுதான் இப்போது பெரிய தட்டுப்பாடு.