நின்டெண்டோ ஸ்விட்ச்சிலிருந்து போனுக்குப் படம் அனுப்ப புளூடூத் வேண்டாம்
நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கன்சோலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், "போனோடு புளூடூத்தில் இணைத்தால் வந்துவிடும்" என்று சொல்வது தவறு. 2021 செப்டம்பர் அப்டேட்டில் வந்த புளூடூத் வசதி ஹெட்போன், ஸ்பீக்கருக்கு ஒலி அனுப்ப மட்டும்தான். அதில் ஃபைல் போகாது.

படம் போவது வைஃபையில். ஸ்விட்ச்சின் ஆல்பத்தில் படத்தைத் திறந்து A பட்டனை அழுத்தி, ஸ்மார்ட்போனுக்கு அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தடவைக்கு 10 படம் அல்லது 1 வீடியோ. திரையில் வரும் முதல் கியூஆர் கோடு, கன்சோலே உருவாக்கும் வைஃபையில் போனை இணைக்கும். இரண்டாவது, பிரவுசரில் 192.168.0.1 முகவரியைத் திறக்கும். அங்கே படத்தை அழுத்திப் பிடித்துச் சேமிக்க வேண்டும்.

பலருக்கும் சிக்கல் இரண்டாவது கோடில்தான். அந்த வைஃபையில் இணையம் கிடையாது. அதைக் கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் வெறுமையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மொபைல் டேட்டாவையும், விபிஎன் செயலி இருந்தால் அதையும் அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். "இணையம் இல்லை, இருந்தாலும் இணைந்திருக்கவா?" என்று போன் கேட்டால் சம்மதம் சொல்லுங்கள்.

இன்னொன்று: இது ஒருவழிப் பாதை. போனிலிருக்கும் படத்தை இந்த வழியில் ஸ்விட்ச்சுக்குள் ஏற்ற முடியாது.