துட்டி வீட்டில் ஹோமருக்கும் ஒரு பாய் போடலாம்

"எல்லா நாட்டு இலக்கியமும் ஒரே மனுசனைத்தான் பேசுது" என்று மேடையில் சொல்லிவிட்டுச் சால்வையோடு இறங்கிவிடுகிறார்கள். எந்த இடத்தில், எப்படி என்று கேட்டால் பதில் வராது. திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒப்பாரியைக் காதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கலாம்.

துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், அழுகையில் பாதி ஏச்சுதான். அதுவும் செத்தவரையே ஏசுவார்கள். ஹோமர் பாடிய கிரேக்கக் காவியம் இலியட்டின் கடைசிக் காண்டத்தில், போரில் செத்த ட்ராய் இளவரசன் ஹெக்டரின் உடல் வீடு வந்ததும், மனைவி அண்ட்ரோமக்கி அவன் தலையைப் பிடித்துக்கொண்டு செய்வதும் அதைத்தான். இளவயதிலேயே போய்விட்டாய், பிள்ளையைக் கோட்டை மேலிருந்து தூக்கி எறியப் போகிறார்கள், சாகும்போது எனக்குக் கைகூட நீட்டவில்லை, ராப்பகலாக நினைத்து அழ ஒரு சொல்லாவது சொல்லியிருக்கக் கூடாதா என்கிறாள். அவளுக்குப் பிறகு ஹெக்டரின் தாய், அப்புறம் அவன் தம்பி பெண்டாட்டி ஹெலன். முறை வைத்து அழுகிறார்கள்.

இன்னொன்று, துக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆளைக் கூப்பிடுவது. புறநானூறு 256இல் ஒருத்தி குயவனைக் கூப்பிடுகிறாள்: "கலஞ்செய் கோவே, கலஞ்செய் கோவே!" வண்டி ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி செத்துப்போன புருசனோடு காடெல்லாம் வந்தவள் நான், எனக்கும் சேர்த்துப் பிணம் புதைக்கும் தாழியை அகலமாக வனை என்கிறாள். ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே கிடக்கும் தாழிகளைக் குனிந்து பார்த்தவர்களுக்கு அவள் கேட்கிற அளவு புரியும். மெசபடோமியாவின் பழைய காவியத்தில் ராஜா கில்காமேஷ், நண்பன் என்கிடு செத்ததும், கொல்லரையும் கன்னாரையும் தட்டாரையும் கூப்பிட்டு, என் நண்பனுக்குச் சிலை செய்யுங்கள் என்கிறான். மூக்கிலிருந்து புழு விழும்வரை ஆறு பகல் ஏழு இரவு உடலை அடக்கம் செய்யவும் விடவில்லை. ராஜாவே குட்டியைப் பறிகொடுத்த பெண் சிங்கம் மாதிரி அங்குமிங்கும் அலைகிறான். நம்மூர் ஆம்பளைகள் பந்தலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்து ஒப்பாரி. 1773இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லியரிக்கு மனைவி எய்லீன் பாடியது. நடுவில் நாத்தனார் புகுந்து, பிணம் காக்கிற ராத்திரியில் நீ தூங்கப் போனாயே என்று குத்துகிறாள். பிள்ளைகளைத் தூங்க வைக்கத்தான் போனேன் என்று இவளும் பாட்டிலேயே திருப்பிக் கொடுக்கிறாள். இந்தச் சண்டையைக் கேட்க அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை, நாங்குநேரிப் பக்கம் போனால் போதும். ஏதென்ஸில் சோலோன் சட்டம் போட்டே ஒப்பாரியைக் கட்டுப்படுத்தினார். அயர்லாந்தில் பாதிரிமார் தடுத்தார்கள். பொம்பளைகள் ஊர் நடுவே குடும்பக் கணக்கைப் பேசியதுதான் உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று கலந்துவிடவும் கூடாது. தாழிக்காரி கூடவே போகக் கேட்கிறாள். அண்ட்ரோமக்கிக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம். எய்லீனுக்குப் பழி வாங்க வேண்டும்.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த நா. வானமாமலை வழியில் பாட்டுச் சேகரிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு: வாழுகிற வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாடச் சொல்லாதீர்கள், ஆச்சி எழுந்து போய்விடுவாள். தோட்டத்துக்கோ குளத்தங்கரைக்கோ கூப்பிடுங்கள். துட்டி வீட்டில் செல்போனை நீட்டவே நீட்டாதீர்கள். யார் யாருக்குப் பாடியது, மகள் தாய்க்கா, பெண்டாட்டி புருசனுக்கா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முறை தெரியாவிட்டால் பாதி வரிக்கு அர்த்தமே வராது. "பெத்த" என்பதை "பெற்ற" என்று திருத்தாதீர்கள். அடி முடிவில் வரும் விம்மலையும் எழுதுங்கள், தாளம் அதில்தான் நிற்கிறது. அண்ணன் கோடித் துணி கொண்டுவராத குறையை "குடும்ப விஷயம்" என்று வெட்டாதீர்கள். பேரை மட்டும் மாற்றி, அச்சுக்குக் கொடுக்கும் முன் பாடியவரிடம் ஒருதரம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.